கிணியம்மாளின் ஆர்டர் பட்டன்

"பட்டன் இன்னும் சாம்பலாத்தான் இருக்கு" என்றார் விஜயா கிணி, போனில்.

மெல்வின் லோபோ தன் திரையைப் பார்த்தான். பட்டன் இளஞ்சிவப்பில், மூலைகள் வளைந்து, மெல்லிய நிழலோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"பிங்க்கா மாத்திட்டேனே, மேடம்."

"எனக்கு ஒண்ணும் கண் அவிஞ்சு போகல. சாம்பல்."

கிணியம்மாள் மங்களூரில், சேம்பு இலையில் மாவு தடவிச் சுருட்டி வேகவைக்கும் பத்ரொடே செய்து ஆன்லைனில் விற்பவர். இப்போது பெங்களூரில் மகன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மெல்வினை மேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தளத்துக்கு மெல்வின் போட்டுக்கொடுத்த தீம், அதாவது ஆயத்தத் தோற்றம், அழகுதான். ஆனால் அதிலிருந்த 'ஆர்டர் செய்க' பட்டன் சுவரோடு சுவராக வெளிறிக் கிடந்தது, ஆர்டரே வருவதில்லை. இன்று சாயங்காலத்துக்குள் பட்டன் பளிச்சென்று ஆனால், ஒரு வருடத்துக்குத் தளத்தை மெல்வினே பார்த்துக்கொள்ளலாம். ஆகாவிட்டால் மனைவி ஐடாவின் அண்ணன் நடத்தும் முந்திரி ஆலையில் மேற்பார்வை வேலை. மச்சான் முன்னால் கைகட்டி நிற்க அவனுக்கு மனசே இல்லை.

"உங்க கம்ப்யூட்டர் பழைய பக்கத்தையே ஞாபகம் வெச்சிருக்கும் மேடம். பிரவுசர்ல இருக்கறதை எல்லாம் அழிச்சுட்டுப் பாருங்க."

அழித்தார். பட்டன் அப்படியே இருந்தது. சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள்தான் மொத்தமாகப் போய்விட்டன.

"பேங்க் உள்ளயே விடமாட்டேங்குது. நல்லா இருப்பே நீ" என்றார் கிணியம்மாள்.

மெல்வின் மறுபடி தீமின் சிஎஸ்எஸ் பெட்டியைத் திறந்தான். தோற்றத்தை மாற்றும் வரிகளை எழுதும் இடம் அதுதான். தீமின் சொந்த விதிகள் தன் விதிகளை மதிக்கவில்லை என்று நினைத்து, பிங்க்கைச் சிவப்பாக்கி ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் 'இம்பார்ட்டன்ட்' என்று சேர்த்தான். அந்தத் தொழிலில் அது மேஜையைத் தட்டிப் பேசுவதற்குச் சமம். பட்டன் ரத்தச் சிவப்பாகியது. கூடவே தலைப்பும் விலையும் கிணியம்மாளின் புகைப்படத்தைச் சுற்றிய கட்டமும் சிவந்துபோயின.

"இப்போ?"

"சாம்பல்."

பட்டனைப் பெரிதாக்கினான். அது பத்ரொடே படத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இப்போ?"

"சாம்பல்னு எத்தனை தடவை சொல்றது?"

கடைசியில் ரோஷம் வந்து, பட்டனை இடமும் வலமும் ஆடவிட்டான். சன்னாஸ் இட்லியும் குழம்பும் கொண்டுவந்த ஐடா அதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்ன இது, வலையில மாட்டின கானாங்கெளுத்தி மாதிரி துள்ளுது? ஜனங்க பார்த்தா பயந்துடுவாங்க."

"யாரும் பாக்க மாட்டாங்க. இது ஒத்திகைத் தளம், அசலோட நகல். இந்த லிங்க் மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் அசல்ல போடுவேன்."

"எல்லா வரியிலயும் இம்பார்ட்டன்ட்னு போட்டிருக்கியே?"

"போட்டாத்தான் பேச்சைக் கேக்கும்."

"வீட்டுக்கும் அப்படி ஒண்ணு இருந்தா எனக்குச் சொல்லு."

சாயங்காலம் கிணியம்மாள் கடைசியாகக் கூப்பிட்டார்.

"சாம்பல். ஆடவும் இல்ல, அசையவும் இல்ல. என் மருமகளோட தம்பி இதெல்லாம் படிச்சவனாம். காபி குடிச்சுட்டு அவன்கிட்டயே சொல்லிடறேன். தப்பா நினைக்காதே."

போனை வைத்துவிட்டு மெல்வின் கணினியைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான். நாள் முழுக்க உழைத்து ஒரு பட்டனுக்கு நிறம் பூச முடியாதவனை முந்திரி ஆலைகூடச் சேர்த்துக்கொள்ளுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஐடா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணன்கிட்ட இப்போ ஒண்ணும் சொல்ல வேணாம். நிதானமா முதல்லேர்ந்து பாரு. உனக்கு வராத வேலையா இது?"

அவள் சொன்னதும் கொஞ்சம் தெம்பு வந்தது. கணினியை நெருங்கி உட்கார்ந்தபோது போன் அடித்தது. புது எண்.

"சார், நான் மங்களூர்ல கிணியம்மா அடுக்களையில பேக்கிங் பாக்கற சுனந்தா" என்றது மூச்சு வாங்கும் ஒரு குரல். "நம்ம கடைத் தளத்துல ஆடற அந்தச் சிவப்புப் பட்டனைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க சார். காலையிலேர்ந்து ஆர்டர் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, மார்க்கெட்ல சேம்பு இலையே தீர்ந்துபோச்சு, அம்மாகிட்ட சொல்லலாம்னா அவங்க லைன் நாள் பூரா உங்ககூடவே பிஸி."