ஒரிஜினல் சாமான்

காந்தம் ஒட்டவில்லை. ஸமீம் அதைத் துணியில் சுற்றி, காரின் முன் மட்கார்டில் இன்னோர் இடத்தில் வைத்துப் பார்த்தார். அது வழுக்கி வந்து அவருடைய செருப்பில் விழுந்தது.

"அண்ணன், இதுக்குள்ள தகரம் இல்ல. பட்டிதான் ஈக்கு," என்றார். "காந்தம் இரும்பத்தான் புடிக்கும். எங்கெல்லாம் விழுதோ, அங்கெல்லாம் துரு தின்னதப் பட்டி பூசி மறைச்சிருக்கு."

"மழை ஊருங்க மொதலாளி," என்றார் மருதமுத்து. "இங்க மனுசனே துருப்புடிச்சுப் போறான்."

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அந்த மொரிஸ் மைனர் நின்றது. மருதமுத்து தோட்டத்து டாக்டருக்கு டிரைவராக இருந்தவர். டாக்டர் ஓய்வுபெற்றுப் போகும்போது காரை அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது மருதமுத்துவும் மனைவியும் மொனராகலையில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார்கள். கார் விற்பனைக்கு, ஆறு லட்சம். ஸமீம் எடுக்காவிட்டால் நாளைக் காலையில் எல்ல நகரிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் வருகிறார். எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மண் நிரப்பிப் பூச்செடி வைப்பது அவருடைய திட்டம்.

ஸமீமுக்கு ஒன்பது வயதில், துணி மூட்டையோடு தோட்டம் தோட்டமாகப் போய் வியாபாரம் செய்த வாப்பாவுடன் மழையில் நடந்துகொண்டிருந்தபோது, ஈ.எல். 4172 என்ற நம்பர் போட்ட ஒரு கார் நின்று இருவரையும் ஏற்றிக்கொண்டது. சீட் நனைந்துவிடக் கூடாதென்று வாப்பா பதுளை வரை நுனியிலேயே உட்கார்ந்து வந்தார். ஸமீம் ஜன்னலோரம். ஒரு சந்தி வந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த தூணுக்குள்ளிருந்து, கார் திரும்பப்போவதைக் காட்டும் ஒரு சின்னக் கை, செம்மஞ்சள் வெளிச்சத்தோடு எழுந்து நின்றது. கார் வலப்பக்கம் திரும்பி முடிந்ததும் மடங்கி உள்ளே போனது. நாற்பத்தாறு வருஷமாக அந்தக் கை அவருக்குள் எழுந்து மடங்கிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் அவர் பதுளை டவுனில் துணிக்கடை முதலாளி ஆகிவிட்டார். கார் கிடைக்கும் வரை சும்மா இருப்பானேன் என்று, புரோக்கர் முன்ஸிப்பிடம் சொல்லிவைத்துப் பதினொரு வருஷமாக மொரிஸ் மைனர் சாமான்களாக வாங்கி ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தில் சேர்த்துவந்தார். கண்டியில் எடுத்தது, கொழும்பில் எடுத்தது என்று முன்ஸிப் ஒவ்வொன்றாகக் கொண்டுவருவார். போன வாரம், அதே 4172 நம்பரோடு வந்த இந்தக் காரின் விளம்பரத்தைப் போனில் காட்டியபோது மட்டும் முன்ஸிப்பின் முகம் ஒரு மாதிரியானது. "அது வாணாம் நானா. வெறும் கூடு," என்றார்.

"முன்ஸிப் சென்னதக் கேட்டிருக்கலாம்," என்றாள் ஜெனீரா. ஸமீமின் மனைவி ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

கூடுதான். முன் லைட் இரண்டும் ஓட்டோவில் இருந்து வந்தவை. சில்லு மூடிகள் இருந்த இடத்தில் சோற்றுப்பானை மூடிகள். ஸ்டியரிங்கின் நடுவில், ஹோர்ன் பட்டனுக்குப் பதில் ஒரு வீட்டு அழைப்புமணி சுவிட்ச்.

"இத அமத்தினா?"

"கோழியெல்லாம் ஓடுங்க. வேற ஒண்ணும் ஆகாது."

"ஒரிஜினலெல்லாம் எங்க போன?"

"போச்சுங்க," என்று மருதமுத்து தேயிலை மலையைப் பார்த்தார்.

ஸமீம் பொறுமையாக விளக்கினார். "அண்ணன், பழைய காருட வெல அது ஓடுறதுல இல்ல. பொறந்த அண்டைக்கு அதுல இருந்த சாமான் இப்பயும் ஈக்கான்றதுலதான் ஈக்கு. நம்பர் பிளேட்ட எந்தக் கூட்டுலயும் அடிக்கலாம். இதுக்கு நாலு தரலாம்."

மருதமுத்து தலையைச் சொறிந்தார். "நாலரை குடுத்துருங்க."

ஜெனீரா உடனே எழுந்து கைப்பையைத் திறந்தாள். அதற்குள் ஸமீம் தங்கள் வேனிலிருந்து பிஸ்கட் தகரத்தை எடுத்து வந்துவிட்டார்.

"சல்லியக் குடுத்துட்டு வெச்சுப் பாருங்க," என்று அவள் முணுமுணுத்தாள்.

"ஒரு நிமிஷம். சும்மா வெச்சுப் பாக்குற."

ஹோர்ன் பட்டன் ஸ்டியரிங்கின் நடுவில் 'டக்' என்று போய் உட்கார்ந்தது. மருதமுத்து சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து, அதை ஒரு விரலால் தடவினார்.

"இது ஒரிஜினலுங்களா மொதலாளி?"

"நூத்துக்கு நூறு."

"அப்ப காரும் அவ்வளவுக்கு ஒரிஜினல் ஆயிருச்சுல்லங்க. அஞ்சுனு வச்சுக்குவோம்."

ஸமீம் திடுக்கிட்டார். "ஒரு பட்டன வெச்சதுக்கா? முன் லைட்டப் பாருங்க. என்ட கிட்ட ஒரிஜினல் ஈக்கு. இந்த ஓட்டைக்கு அது பொருந்தவே பொருந்தாது, காட்டுறன்."

பொருந்தியது. நான்கு திருகாணிகளும் நான்கு துளைகளில் அழுத்தாமலே இறங்கின.

"அஞ்சரைங்க," என்றார் மருதமுத்து.

"எப்புடிப் பொருந்துது பாத்தியா?" என்றார் ஸமீம், விலையை மறந்து. "ஒரே அச்சுல அடிச்ச சாமான். உலகத்துல எங்க ஈக்கிற லைட்டும் எங்க ஈக்கிற காருக்கும் சரியா வரும். அதுதான் பெக்டரியோட கெட்டித்தனம்."

"கெட்டித்தனம் தெரியுது," என்றாள் ஜெனீரா. "ஒங்கட சாமானுக்கு நீங்களே சல்லி குடுக்கப் போறீங்க."

சிகரெட் சாம்பல் தட்டைப் பூட்டியபோது, அதன் மூடியில் இருந்த கீறல் டேஷ்போர்டில் இருந்த கீறலோடு ஒரே கோடாகச் சேர்ந்தது. ஜெனீரா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து மருதமுத்துவைப் பார்த்தாள். மருதமுத்து கோழிகளைப் பார்த்தார்.

"டிரைவர்மார் எல்லாம் தீக்குச்சிய ஒரே பக்கந்தான் உரசுற," என்று ஸமீம் விளக்கினார்.

"ஏழுங்க."

இனி விலையைக் குறைக்க ஒரே வழிதான். ஸமீம் பானட்டைத் திறந்து, உள்ளே தகட்டில் அடித்திருந்த செசி நம்பரைக் காருப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். ஓர் எண் பிழைத்தாலும் போதும், விலை விழுந்துவிடும். முதல் எண் சரி. இரண்டாவது சரி. கடைசி எண் வரும்போது, பிழைக்கக் கூடாதே என்று அவர் வாய் துஆ ஓதிக்கொண்டிருந்தது. அதுவும் சரி. வாப்பா நுனியில் உட்கார்ந்து வந்த சீட் இதுதான்.

"மொகத்தத் திருப்புங்க," என்று ஜெனீரா கிசுகிசுத்தாள். "ஆள் பாக்குறார்."

"எட்டுங்க," என்றார் மருதமுத்து.

"அப்ப என்ட சாமானக் கழட்டுறன்."

"தாராளமாக் கழட்டுங்க. ஹோட்டல்காரருக்குக் கூடே போதும்."

ஸமீம் திருப்புளியைக் கையில் எடுத்தார். லைட்டின் முன் குனிந்தார். அப்படியே நின்றார். காருக்கு இப்போது கண் இருந்தது. அது அவரைப் பார்த்தது. திருப்புளியைத் திரும்பத் தகரத்துக்குள் போட்டார். தகரத்தில் ஒரே ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது.

வலப்பக்கத் தூணின் துளையில் ஒரு மரத்துண்டு அடைத்திருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்த கையைப் பொருத்தினார். வயரைச் சேர்த்தார்.

"இது எப்புடி வேல செய்யுதுண்டா," என்றார் மெல்ல, யாருக்கென்று இல்லாமல். "உள்ளுக்குக் கம்பிச் சுருள் ஒண்ணு ஈக்கு. கரண்ட் ஓடினா சுருள் காந்தமாகும். காந்தம் ஒரு இரும்புக் குச்சிய இழுக்கும். குச்சி இந்தக் கையத் தூக்கும். அவ்வளவுதான்."

மருதமுத்து சுவிட்சைத் திருப்பினார்.

கை எழுந்தது. மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பனிமூட்டத்தில் அந்தச் செம்மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம் நடுங்கி, பிறகு நிலைத்து நின்றது.

"எட்டரை," என்றார் ஸமீம். மருதமுத்து விலையைக் கூட்டிக் கேட்கவே இல்லை.

ஜெனீரா கைப்பையைத் திறந்து முற்பணத்தைக் கொடுத்தாள். மருதமுத்து அதை எண்ணாமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போயிருங்க மொதலாளி, மழை வருது," என்று அவசரப்பட்டார். ஸமீம் சீட்டின் நுனியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அப்போது மருதமுத்துவின் மனைவி தனலெட்சுமி விறகுக் கட்டோடு லயத்தைச் சுற்றி வந்தாள். காரைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டாள்.

"ஏங்க, முன்ஸிப் நானா பதினோரு வருசமா கழட்டிக் கொண்டுபோனதெல்லாம் திரும்பி வந்திருச்சே, டவுன்ல ஒரு மொதலாளி இதுகளப் பெட்டியில போட்டுப் பாத்துக்கிட்டே இருக்காரு, பாவம், அவருக்குக் காரே இல்லைனு சொன்னாரேங்க?"