கோமாவில் நடித்த அக்கா

படுத்த படுக்கையிலேயே நட்சத்திரம் ஆனவர் இந்தத் தீவில் ஒருவர்தான் உண்டு. அவர் கோமா அக்கா. அப்பா அம்மா வைத்த அழகான பெயர் அவருக்கு இருக்கிறது. நாடகம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் அதைத் தப்பில்லாமல் போடவும் செய்தார்கள். ஆனால் தேக்கா சந்தையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கோமா அக்கா என்றால், இப்போதுதான் கீரை வாங்கிக்கொண்டு போனார் என்பார்கள்.

நான் வீடு விற்கும் ஏஜென்ட். சில ஆண்டுகளுக்கு முன் வீடுகள் விலை போகாமல் கிடந்த சமயம், தெரிந்தவர் ஒருவர் இழுத்துவிட்டதில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நர்ஸாக நடித்தேன். எனக்கு ஒரே வசனம். "பேஷன்ட் அப்படியேதான் இருக்காங்க, டாக்டர்." அதைக் கவலையோடு, களைப்போடு, மழை பெய்யும்போது, மின்சாரம் போனபோது என்று முப்பது விதமாகச் சொல்லியிருப்பேன். அந்த பேஷன்ட்தான் அக்கா.

அதற்கு முன் அவர் அந்தத் தொடரில் மருமகளைப் பாடாய்ப் படுத்தும் மாமியார். நன்றாகவே படுத்தியிருக்க வேண்டும். சந்தையில் மீன்காரர் ஒருநாள் வவ்வால் மீனைக் கையில் எடுத்தவர் மறுபடியும் ஐஸில் வைத்துவிட்டு, முதலில் அந்தப் பிள்ளையை ஒழுங்காக நடத்துங்கள், அப்புறம் மீன் தருகிறேன் என்றாராம். அக்கா வாதாடவில்லை. மாமியார் சார்பில் மன்னிப்புக் கேட்டு, கூடிய சீக்கிரம் திருந்திவிடுவாள் என்று உறுதி சொல்லி, மீனை வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் கதை எழுதுபவரிடம் போய், மீன்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், ஏதாவது செய்யுங்கள் என்று நின்றார்.

அந்த நேரம் பார்த்து அவருக்கு முழங்கால் வலி வந்தது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. கதை எழுதுபவர் இரக்கமுள்ளவர். வேறு ஆளைப் போட மனமில்லாமல், மாமியாரை மேம்பாலப் படியில் உருட்டிவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். இரண்டு வாரம் என்றுதான் பேச்சு. முழங்கால் சரியாகிவிட்டது, மாமியாருக்குத்தான் சரியாகவில்லை. திட்டித் தீர்த்த அதே ஜனங்கள் இப்போது அவளுக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்ததால், எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை.

காத்தோங் பிள்ளையார் கோயிலில் ஒரு அம்மா அந்த மாமியாரின் பெயருக்கு அர்ச்சனை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் அக்காவே. அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, சற்று நேரம் யோசித்து, "நீங்க ஆஸ்பத்திரில இல்ல?" என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம் பெர்மிஷன் வாங்கிட்டு வந்தேன்லா. இப்ப போயிடுவேன்" என்றார் அக்கா. கொடுத்த விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டார். பொய் சொன்னதாக அவர் நினைக்கவே இல்லை.

இதில் உள்ள ஒரே சிக்கல், அவர் உண்மையாகவே தூங்கிவிடுவது. குளிர்சாதனமும் மெத்தையும் அப்படி. ஒலிப்பதிவு செய்பவர் முதலில் கோபப்பட்டார், பிறகு கெஞ்சினார், கடைசியில் அக்காவின் குறட்டை செயற்கைச் சுவாசக் கருவியின் சத்தமாக நாடு முழுக்க ஒளிபரப்பானது. கருவியின் சத்தம் மிகவும் இயல்பாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் பாராட்டி எழுதியிருந்தார்.

தூங்கி எழுந்தால் கனவு சொல்வார். விளக்குகளை அணைத்த பிறகும் யாரும் உடனே கலைந்து போகமாட்டோம். கட்டிலைச் சுற்றி நிற்போம். அக்கா தலையணையில் சாய்ந்தபடி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பேசுவார். ஈசூனில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக் மெதுவாகத் தரையைவிட்டு எழும்பி, மூங்கில் கம்புகளில் காயும் துணியெல்லாம் கப்பல் பாய்களாக விரிய, கிழக்கே கடலைப் பார்த்து மிதந்து போனதாம். யாரும் பயப்படவில்லையாம். பன்னிரண்டாம் மாடிச் சீனத் தாத்தா தாழ்வாரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாராம். சிராங்கூன் ரோடு நெடுக மல்லிகைப்பூ முழங்கால் அளவுக்கு ஓடியதாம். அதில் பஸ் ஓட்டும் அவர் கணவர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேருந்தை நிறுத்தி, ஏறாமல் நிற்பவர்களிடம்கூட நலம் விசாரித்தாராம். இந்த இடத்தில் கேமராமேன் மெல்ல, பஸ் நம்பர் தெரிந்ததா என்று கேட்பார். அவர் வாராவாரம் நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர். அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. கனவில் எண்களுக்கு வெளிச்சம் போதாது என்பார்.

ஆனால் எல்லா நேரமும் அவர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அது எங்களுக்குத் தெரியாது. கண்ணை மூடிக் கிடப்பவர் முன்னால் மனிதர்கள் என்னென்னவோ பேசுகிறோம். வேலையை விடப்போகிறவர், சண்டை போட்டுக்கொண்டவர்கள், உதவி இயக்குநரின் காதல் என எல்லாமே அந்தக் கட்டில் ஓரத்தில்தான் பேசப்பட்டன. அக்கா எல்லாவற்றையும் கேட்டார். எதையும் வெளியே விடவில்லை.

மருமகளாக நடித்தவள் ஷாமினி. இருபத்து நாலு வயது. அவளுடைய அம்மா இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரே வாரத்தில் வேலைக்குத் திரும்பியவள், யாரிடமும் அதைப் பற்றிப் பேசமாட்டாள். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனபின் கட்டில் பக்கத்து நாற்காலியில் போய் உட்காருவாள். சார்ஜரை மறந்துவிட்டு ஒருநாள் நான் திரும்பி வந்தபோது, அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் சாம்பார் வைத்தது சரியாக வரவில்லை, அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, அலமாரியைத் திறக்க பயமாக இருக்கிறது. அக்காவின் கண் மூடியே இருந்தது. ஆனால் குறட்டை இல்லை. நான் சார்ஜரை எடுக்காமல் போய்விட்டேன்.

அடுத்த மாதம் மாமியார் சாகவேண்டும் என்று முடிவாயிற்று. டைரக்டர் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா சரி தம்பி என்று மட்டும் சொன்னார். அவர் போனபிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாகறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு இதை ரெண்டாவது தடவ பாக்கணுமே, அதான்."

டைரக்டரிடம் சொல்லலாமா என்றேன். அவள் மற்றவர்களிடம் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

சாவுக் காட்சி எடுத்த நாளில் நானும் கையில் ஒரு கோப்போடு கட்டிலின் தலைமாட்டில் நின்றேன். கருவி நிற்கவேண்டும், மருமகள் "அத்தை" என்று கதறவேண்டும், நான் தலைகுனிய வேண்டும். கருவி நின்றது. ஷாமினி குனிந்தாள். அவள் வாயிலிருந்து "அம்மா" என்று வந்தது. அதற்குமேல் வசனம் வரவில்லை. அது நடிப்பில்லை என்று அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஆனால் யாரும் அசையவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

இறந்துபோன மாமியார் கண்ணைத் திறந்தார். கையை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

ஷாமினி இல்லையென்று தலையாட்டினாள். பிறகு அக்காவின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டைரக்டர் இரண்டு அடி முன்னால் வந்து, மிகவும் மரியாதையாக, "அக்கா, நீங்க செத்துட்டீங்க" என்றார்.

"தெரியும் தம்பி. ஒரு நிமிஷம் இரு."

ஒரு நிமிஷம் முக்கால் மணி நேரமானது. நான் கீழே போய் எல்லோருக்கும் குடிக்கச் சூடாகத் தே, சாப்பிட மீ கோரேங் நூடுல்ஸ் எல்லாம் வாங்கி வந்தேன். ஷாமினி கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்து, ஆஸ்பத்திரிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மீ கோரேங் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவளே, எடுக்கலாம் என்றாள். இரண்டாம் முறை அக்கா ஒழுங்காக இறந்தார். ஷாமினி கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. சும்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். மீன்காரர் கடையையே ஒருநாள் திறக்கவில்லை என்பது அக்கா சொன்னது. திங்கட்கிழமை அவருக்கு எப்போதும் விடுமுறை என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

அதன்பிறகு அக்காவுக்குப் பெரிய வேடம் ஏதும் அமையவில்லை. சிறுசிறு வேடங்கள் வருகின்றன. கேட்டால், நடிப்பு அதுபாட்டுக்குப் போகிறது என்பார். ஷாமினி ஞாயிற்றுக்கிழமைகளில் ஈசூனுக்குப் போய்ச் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டாள். நானும் முழுநேரமாக வீடு விற்கத் திரும்பினேன்.

போன வருஷம் அக்கா கூப்பிட்டார். கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், இரண்டு பேருக்குச் சின்ன வீடு போதும் என்றார். பதினோரு வீடு காட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும் காலியான அறை நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஒன்றில், இங்கே யாரோ நெடுநாள் பாட்டுப் பாடியிருக்கிறார்கள், அவர்களைக் கிளப்ப மனமில்லை என்றார். இன்னொன்றில் ஜன்னல் வழியாக வரும் மேகங்கள் அவசரத்தில் இருக்கின்றன என்றார். வேறு யாராக இருந்தாலும் மூன்றாவது வீட்டோடு போனை எடுப்பதை நிறுத்தியிருப்பேன். இவருக்காகச் சனிக்கிழமை மத்தியானங்களில் வேறு யாருக்கும் நேரம் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

பன்னிரண்டாவது வீட்டில் அக்கா கண்ணைத் திறந்து, இது போதும்மா என்றார். இத்தனை வருஷத் தொழிலில், வீடு பிடித்துவிட்டதே என்று நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.