மணிமுடி வாங்கிய திருடன்

"பந்து விளையாடுற பூட்ஸா? மாமா மாடிப்படி ஏறவே நடுவுல நின்னு மூச்சு வாங்குவாரே" என்றான் மச்சினன், போனை வாங்கிப் பார்த்துவிட்டு.

கண்ணாடிக்காரர் ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். அவருடைய கார்டில் யாரோ காலணிக் கடை ஒன்றில் ஜோடி ஜோடியாகப் பூட்ஸ் வாங்கியிருப்பதாக வங்கியிலிருந்து செய்தி வந்திருந்தது. பெரிய மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் விற்பனையாளராக இருந்ததால் அவரைத் தெருவே கண்ணாடிக்காரர் என்றுதான் அழைக்கும். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவர். வங்கிக்குச் சொல்லிக் கார்டை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கிளம்பியிருப்பார். ஆனால் மச்சினன் மேல்மாடியில் குடியிருந்தான். காலைத் தேநீர் அவனுக்குக் கீழேதான்.

மச்சினனுக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் வேலை. உலகத்தில் திருடர்கள், இன்னும் அகப்படாத திருடர்கள் என இரண்டே சாதிதான் என்பது அவன் கட்சி. அவனே வங்கிக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியைத் தட்டி, மேஜை நடுவில் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

கார்டை உடனே நிறுத்திவிட்டதாக வங்கிப் பெண் சொன்னாள். பிறகு, "ஆன்லைன்ல போன செலவை ஒவ்வொண்ணா படிக்கிறேன் சார். உங்களுதுன்னா ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லைன்னு சொல்லுங்க" என்றாள்.

மின்சாரக் கட்டணம், ஆமா. குக்கர், ஆமா. பூட்ஸ், இல்லை. இதை அடுப்படியிலிருந்த மனைவியோடு மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

"மணிமுடி" என்றாள் அந்தப் பெண்.

கண்ணாடிக்காரர் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

மணிமுடி என்பது டோப்பாக் கடை. போன வருஷம் பழைய கிளையின் மேலாளர் அவரைப் புதிய கிளைக்கு அனுப்பியபோது, கண்ணாடி வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது விற்பவனின் முகத்தைத்தான் என்று சொல்லி, பார்வையை அவர் முகத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடவிட்டார். அங்கே முகத்துக்கு எல்லை என்று ஒன்று இல்லாமல் நெற்றி பின்கழுத்து வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் அன்றைக்கே முடிவு செய்தார். புதிய கிளையில் சேர்ந்த அன்று, முன்பே வந்து மேஜையில் காத்திருந்த பெட்டியை ஹெல்மெட்டைக் கழற்றாமலே எடுத்துப் போனார்; அன்றிலிருந்து அவருக்கு அடர்த்தியான கறுப்பு முடி. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டிக் கண்ணாடியைப் பார்த்து டோப்பாவை வைத்துக்கொண்டு மேலே போவார். மாலையில் அதைப் பைக்குள் வைத்து, மொட்டையாக வீடு திரும்புவார். ஒரு வருஷமாகியும் அது புதிதுபோலவே பளபளத்து மணந்தது; நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் சொல்லவில்லை. ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் டோப்பா வைத்த ஒருவரைப் பார்த்து, "அந்த ஆள் தலையில பூனை தூங்குது பாருங்க" என்று சொல்லி, வீடு வரும்வரை மனைவி சிரித்தாள். மனைவி திட்டினால் அவர் தாங்குவார். சிரித்தால் தாங்கமாட்டார்.

"மணிமுடி, சார்?"

"இல்லை" என்றார். சொல்ல வேண்டும் என்று நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"போன வருஷம் ஒரு பெரிய தொகை போயிருக்கு. அதுக்கப்புறம் மாசாமாசம் ஒரு சின்னத் தொகை. எல்லாமே இல்லையா சார்?"

"மாசாமாசமா?"

இந்த அதிர்ச்சி உண்மையானது. அவர் வாங்கியது ஒரே ஒரு தடவை. ஒரு தலைக்கு ஒரு விலைதான் பேச்சு, மாதாமாதம் வாடகை வாங்குகிறார்களா? வாய்விட்டுக் கேட்க முடியாமல் மென்று விழுங்கினார்.

அது என்ன கடை என்று மச்சினன் கேட்டான். தன் திரையில் பெயர் மட்டும்தான் வரும் என்றாள் வங்கிப் பெண். அப்போது அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, திரும்பாமலேயே சொன்னாள்.

"பேரைக் கேட்டாலே தெரியலையா? மணிமுடின்னா கிரீடம். நகைக்கடையாத்தான் இருக்கும்."

கண்ணாடிக்காரர் மனைவியின் முதுகை நன்றியோடு பார்த்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து இவ்வளவு சரியான நேரத்தில் இவ்வளவு தப்பான ஒன்று வந்ததே இல்லை.

"ஆமா. நகைக்கடைதான்" என்றார்.

தப்பு அங்கேதான் நடந்தது. மச்சினன் தேநீரைக் கீழே வைத்தான். போனில் மணிமுடி என்று தேடினான். ஒரு மண்டபமும் ஒரு பல் மருத்துவமனையும் வந்தன. மருத்துவமனையில் தங்கப்பல் கட்டுவார்கள் என்று போட்டிருந்ததால் அவன் சந்தேகம் உறுதியானது.

"மாமா, திருடன் உங்க கார்டுல தவணைக்கு நகை வாங்கியிருக்கான். அந்தப் பூட்ஸ் சும்மா, நம்மளைத் திசை திருப்ப."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது அவனுக்குப் புதிதல்ல. ஆனால் மொட்டைத் தலைக்குச் சொந்தக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது இதுவே முதல் தடவை.

போனது போகட்டும், கார்டைத்தான் நிறுத்தியாயிற்றே, இதோடு விட்டுவிடலாம் என்றாள் மனைவி. அதையேதான் தானும் நினைத்ததாகக் கண்ணாடிக்காரர் சொன்னார். சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று ஒரு வருஷம் சண்டை போட்டவர்கள், இதில் ஒரு நொடியில் ஒத்துப்போனார்கள். பெரிய மனசுக்காரி என்று உள்ளுக்குள் நெகிழ்ந்தார்.

மச்சினன் நெகிழவில்லை. வங்கிக்குப் புகார் எழுதி, "இந்தச் செலவுகள் எதுவும் நான் செய்யவில்லை" என்ற இடத்தில் அவரைக் கையெழுத்துப் போடவைத்தான்.

வங்கி பணத்தைத் திருப்பிப் போட்டது. தலை தப்பியது என்று நினைத்தார். மறுவாரம் அதே பெண் கூப்பிட்டாள். மணிமுடிக் கடை ஒத்துக்கொள்ளவில்லையாம். பெரிய தொகைக்கான பெட்டி முறையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறதாம். கண்ணாடிக்காரர் வேலை செய்யும் கடை விலாசத்துக்கு.

"பெட்டியில என்ன இருந்துச்சும்மா?" என்று குறுக்கே விழுந்தான் மச்சினன்.

"அலங்காரப் பொருள்னு போட்டிருக்கு சார்."

"போதும்மா" என்றான். அவனுக்கு உண்மையிலேயே போதுமாக இருந்தது.

மாதாமாதம் போன சின்னத் தொகைகளுக்கு விலாசம் கேட்டிருப்பதாகவும், வந்ததும் சொல்வதாகவும் அவள் சொன்னாள். மனைவி கையிலிருந்த பாத்திர மூடி தரையில் விழுந்து வெகுநேரம் சுழன்றது. அதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாள். தம்பி காதில் வாங்கவில்லை.

"திருடன் உங்க கடையிலேயேதான் இருக்கான் மாமா. நான் வந்து ஒரு பார்வை பாக்கறேன்."

வரவேண்டாம், முதலாளிக்குப் பிடிக்காது, இந்த வாரம் வேலை அதிகம் என்று கண்ணாடிக்காரர் சொன்ன காரணங்கள் எல்லாம் அவனைக் கிளம்பத்தான் வைத்தன.

மறுநாள் கடையில் ஒரு அம்மாளுக்கு அவர் பிரேம் காட்டிக்கொண்டிருந்தார். எதிர்க் கண்ணாடியில் பார்த்தால், தெருவைத் தாண்டி மச்சினன் வந்துகொண்டிருந்தான்.

அவர் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. கடையில் இருக்கிற ஒருவரும் அவரை முடியில்லாமல் பார்த்ததில்லை. வந்துகொண்டிருக்கிறவன் அவரை முடியோடு பார்த்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரே தலை. "ஒரு நிமிஷம்மா" என்று பின்கட்டுக்கு ஓடி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"என்னய்யா இது?" என்றார் முதலாளி.

"தலைவலி முதலாளி. வெளிச்சம் ஆகல."

அந்த அம்மாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த பிரேம் எனக்கு எப்படி இருக்கு என்று கேட்டாள். அவர் ஹெல்மெட்டின் முன்மறைப்பைத் தூக்கிப் பார்த்து, எடுப்பாக இருக்கிறது என்று சொல்லி, மறுபடி இறக்கிக்கொண்டார். அவள் பணம் கட்டிவிட்டுப் போனாள்.

மச்சினன் நேராக முதலாளியிடம் போய்த் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, கடைக்குள் நகைத் திருடன் ஒருவன் இருப்பதாகச் சொன்னான். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு சாத்தப்பட்டது. மேஜை இழுப்பறைகள், பைகள், பெட்டிகள், பழைய கண்ணாடிக் கூடுகள் எல்லாம் திறக்கப்பட்டன. தலைகளைத் தவிர எல்லாவற்றையும் தேடிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

கடைக்கு வரும் பார்சல்களை யார் வாங்குவது என்று கேட்டான் மச்சினன். பெருக்கித் துடைக்கிற அக்காதான். காலையில் முதலில் வருகிறவள் என்பதால் எல்லாப் பெட்டிக்கும் அவள்தான் கையெழுத்து. அவளைக் கூப்பிட்டார்கள். துடைப்பத்தோடு வந்தாள். போன வருஷம் அப்படி ஒரு பெட்டி வந்ததாகவும், கண்ணாடிக்காரர் மேஜையில் வைத்ததாகவும் சொன்னாள்.

ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது. "எனக்கு... ஞாபகம் இல்லை" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நகைப் பெட்டியை எடுத்து மேஜையில வெச்சியா?" என்றார் முதலாளி.

"நகையா? அது பஞ்சு மாதிரி லேசா இருந்துச்சுங்க. குலுக்கினா சத்தம்கூட வரல."

"ஏன் குலுக்கினே?" என்றான் மச்சினன்.

அக்கா துடைப்பத்தைக் கை மாற்றிக்கொண்டாள். பெட்டியை யார்தான் குலுக்கவில்லை? விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலையை நிறுத்தவில்லை, வரவேண்டாம் என்று மட்டும்தான் சொல்வதாக விளக்கினார். வித்தியாசம் அவளுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

மாலையில் கீழ்த்தளத்தில் ஸ்கூட்டர் பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்கிறவள், அன்றைக்குப் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நான் எடுக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல சார்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா முதலாளி கேப்பாரு. இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற இல்ல."

தெரியும் என்றார். ஹெல்மெட்டுக்குள்ளேயே அது நின்றுவிட்டது. தலையை ஆட்டினார். ஆட்டியது அவ்வளவு பெரிய தலையாகத் தெரிந்ததால் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்க வேண்டும். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வழி நெடுக அந்தக் கும்பிடு அவர் கண்முன்னால் வந்துகொண்டிருந்தது. பூனை தூங்குகிறது என்று மனைவி சிரித்த சிரிப்பும் வந்தது. இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். சிரித்தால் சிரிக்கட்டும். ஊரைக் கூட்டிச் சிரிக்கட்டும். இன்றைக்குச் சொல்லிவிடுவது, நாளைக் காலையில் முதலாளியிடமும் சொல்லிவிடுவது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவர் முகம் பல் பிடுங்கப் போகிறவரின் முகமாக இருந்தது.

உள்ளே மச்சினன் காவல் நிலையத்துக்குப் புகார் எழுதி முடித்திருந்தான். அக்காவின் அங்க அடையாளங்கள் விவரமாக இருந்தன. பக்கத்தில் பேனாவும் தயார். எதிரே மனைவி, தம்பியிடம் ஏதோ சொல்லிச் சொல்லி அலுத்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"கையெழுத்து மட்டும் போடுங்க மாமா."

கண்ணாடிக்காரர் பேனாவை எடுக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"மாப்பிள்ளை, அந்தப் பெட்டியில நகை இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மணிமுடி நகைக்கடையே இல்ல."

"நகைக்கடைதான்" என்றாள் மனைவி, வேகமாக.

"இல்லம்மா. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நகைக்கடைதான்னு நான் சொல்றேன்ல. அந்தக் கேஸும் வேணாம், அந்தப் பாவப்பட்ட பொம்பளையும் வேணாம். கிழிச்சுப் போடுடா அதை."

"நான் சொல்லியே ஆகணும்" என்றார் அவர். "எனக்கு இதுல மானம் போகும். போனாலும் பரவாயில்ல. ஒருத்தி வேலை போகுது."

மனைவி அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்தாள். மச்சினன் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, முதல் தடவையாக இந்த வீட்டுக்குள் கேமரா பொருத்தாமல் விட்டதற்காக வருந்தினான்.

அழைப்புமணி அடித்தது.

மனைவி சட்டென்று எழுந்தாள். ஆனால் கண்ணாடிக்காரர் வாசலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் மானத்தோடு இருக்கலாமே என்று அவரே போய்க் கதவைத் திறந்தார். பார்சல் கொண்டுவருகிற ஆள் கையில் சிறிய பெட்டியோடு நின்றிருந்தான். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நம்பகமான ஆள் என்று முடிவு செய்தவனாகக் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாகிட்ட சொல்லுங்க, மாசாமாசம் வர்ற டோப்பா ஷாம்பூ வந்திருக்கு, கார்டு நின்னுபோச்சாம், இந்தத் தடவை கையில காசு வாங்கிட்டு வரச் சொன்னாங்க... ஆனா வீட்டு ஐயா கண்ணுல படாம குடுக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க, அவர் உள்ள இருக்காரா?"