ஏழே கால் நிலவரக் கூட்டம்

உணர்ச்சிகளை ஆளும் கலையை உலகம் இனித் தேடி அலைய வேண்டியதில்லை. அது திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில், வாடகை ஃப்ளாட் ஒன்றின் நான்காம் மாடியில், தினமும் காலை ஏழே காலுக்கு நடைபெறுகிறது.

ஏழு மணிக்கு தோசை. ஏழு பத்துக்கு ஒற்றைச் சடை. இரட்டைச் சடை பிரஜினுக்கு வராது. ஏழே காலுக்கு ஃப்ரிட்ஜ் முன்னால் ‘நிலவரக் கூட்டம்’. ஆபீஸ் முறைப்படி நின்றுகொண்டேதான் பேச வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீளும். தலைமை: பிரஜின், மென்பொருள் குழுத் தலைவன். உறுப்பினர்: அவன் மகள் சிஜி, வயது ஆறு.

“நேத்தைக்கு என்ன தோணிச்சு?”

“சங்கடம்.”

“இன்னைக்கு?”

“சங்கடம்.”

“தடை எதாவது?”

“அம்மா இல்ல.”

“அது இந்தக் கூட்டத்துக்க வரம்புல வராது மக்களே. தனியாப் பேசுவோம்.”

“எப்பப்பா?”

“தேதி பொறவு அறிவிக்கப்படும்.”

எட்டு மாதமாகத் தேதி அறிவிக்கப்படவில்லை. நல்ல நிர்வாகம் அவசரப்படாது. மனைவி சுஜாவின் அடக்கம் முடிந்த மாலையே, வந்தவர்கள் அனைவருக்கும் நன்றி மெயில் அனுப்பியவன் பிரஜின். அந்த வீட்டில் இதுவரை ஒரு துளிக் கண்ணீர் விரயமானதில்லை.

இவ்வளர்ப்பின் பலன் புதன்கிழமை மதியம் வெளிப்பட்டது. சிஜி பள்ளிப் படிக்கட்டில் விழுந்தாள்; முழங்காலில் மூன்று தையல். பிரஜின் முறைப்படி அனுமதி பெற்று, லேப்டாப்புடன் ஆஸ்பத்திரிக்குப் போனான். வகுப்பு டீச்சர் ஸ்வப்னா அறை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“சாரே, தையல் போட்டப்போகூட இவ கரையல, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. வலிக்குதான்னு டாக்டர் கேட்டதுக்கு, ‘நாளைக்கு ஏழே காலுக்கு அப்பாட்ட சொல்லிக்கிடுதேன்’னு சொன்னா!”

“ரொம்ப நன்றி டீச்சர்.”

“ஐயோ, ஞான் பாராட்டினதல்ல! எனக்குப் பயமாயி. சின்னக் குட்டியல்லே?”

பிரஜின் யோசித்தான். வேண்டுமானால் கூட்ட நடைமுறையை மற்ற பெற்றோருக்கும் அனுப்பித் தருவதாகச் சொன்னான். டீச்சர் கதவைத் திறந்துவிட்டார்.

சிஜி கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கடித்துக் கடித்துக் கீழுதடு வீங்கியிருந்தது. அவசரக் கூட்டத்துக்கு முன்னறிவிப்பு தேவையில்லை.

“இப்ப என்ன தோணுது மக்களே?”

அவள் அவன் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள்.

“அழணும் போல இருக்கு. எப்படின்னு தெரியல. அம்மா செத்தன்னைக்கு ஒங்களத்தான் பாத்துட்டு நின்னேன். நீங்க காட்டித் தரல்லியே அப்பா.”