புளூபிரிண்ட் மாமாவின் இரண்டு புள்ளிகள்

உலகத்தை உச்சியிலிருந்து மட்டுமே பார்த்த ஒரே மனிதர் புளூபிரிண்ட் மாமாதான். ஒரு கட்டிடக் கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. பம்பாய் மாதுங்காவில் ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர் பாய் விரித்தோம். அவர் மட்டும் தன் பாயைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, வாசலுக்கு இடம் விட்டிருந்தார். கோட்டை மிதித்தால், "சுவர்ல கால் வைக்காதேயும், ஓய்" என்பார்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். செம்பூரில் ஒரு சதுப்பு நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தார். இருபது குடும்பம் பங்கு போட்டால் கட்டிடம் எழுப்பலாம். நிலக்காரச் சேட் ஆறு மாதம் கெடு கொடுத்திருந்தார். செம்பூர் என்றதுமே, "கொசுவுக்கும் பங்கு உண்டா?" என்று எல்லோரும் சிரித்தார்கள், நான் உட்பட. மாமாவுக்கு அது சிரிக்கும் விஷயமல்ல. வீடு கிடைக்காததால் அவர் மனைவி எட்டு வருஷமாகப் பாலக்காட்டிலேயே இருந்தாள்.

"வாயால சொன்னா ஒருத்தருக்கும் புரியலை. படத்தை நடமாட விட்டுக் காட்டறேன்" என்றார். தாள் தாளாக வரைந்து தள்ளினார். சினிமா ஸ்டுடியோவில் இருந்த நண்பர் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துச் சுருளாக்கிக் கொடுத்தார்.

கெடுவின் கடைசி நாள், ஞாயிறு மத்தியானம். அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் வந்து உட்கார்ந்ததும், நாங்கள் சாப்பிடும் மெஸ் கூடத்து ஜன்னல்களைக் கம்பளியால் மூடினோம். திரையில் கோடுகள் ஊர்ந்து வந்து கட்டங்களாயின. மாடி இல்லை, ஜன்னல் இல்லை, வானம் இல்லை. மனிதர் மொத்தக் கட்டிடத்தையும் மேலேயிருந்தே வரைந்து வைத்திருந்தார். பிறகு ஒரு கறுப்புப் புள்ளி நகர ஆரம்பித்தது.

"யே க்யா ஹை, மாமா? எறும்பா?" என்று கேட்டேன்.

"அது நீராக்கும். ஸ்டேஷன்லேர்ந்து ஆத்துக்கு வரீர்."

புள்ளி கதவருகே நின்றது. உள்ளேயிருந்து இன்னொரு புள்ளி வந்து திறந்தது.

"இது யாரு?"

மாமா புரொஜெக்டர் பக்கம் குனிந்துகொண்டார்.

முதல் புள்ளி நேராகக் குளியலறைக்குள் போயிற்று. தினமும் வாளியோடு பதினாறாவது ஆளாக நின்று பழகிய கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பின்வரிசையில் ஒரு மாமி தன் கணவரிடம், "ஏன்னா, அதுக்கு க்யூவே இல்லியே. இன்னொரு தரம் போடச் சொல்லுங்கோ" என்றாள்.

மூன்று தரம் போட்டார். இருபது கையெழுத்தும் அங்கேயே விழுந்தது. கடைசிக் கையெழுத்து, எறும்பா என்று கேட்டவனுடையது.

கட்டிடம் எழுந்தது. மூன்றாவது மாடியில் நானும் அவரும் அடுத்தடுத்த வீடு. பாலக்காட்டிலிருந்து வந்த மாமியை ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டியில் கூட்டி வந்தார். பெட்டியை உள்ளே வைத்தார். "கதவைத் தாள் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, வேகாத வெயிலில் மறுபடி படியிறங்கினார்.

"எங்கே மாமா கிளம்பிட்டேள்?"

"ஸ்டேஷனுக்கு."

"எதையாவது விட்டுட்டு வந்துட்டேளா?"

"இல்லை ஓய். அங்கேர்ந்து நடந்து வரணும்."

பால்கனியில் நின்று பார்த்தேன். அரைமணி கழித்துத் தெருமுனையில் ஒரு கறுப்புக் குடை மெதுவாக வந்தது. மேலேயிருந்து பார்க்க அசல் புள்ளிதான். பக்கத்து வீட்டுக் கதவை மாமி திறக்கும் சத்தம் கேட்கும் வரை நான் நகரவில்லை. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.