பொடி எழுத்தும் கோட்டைக்குப்பம் கண்டிஷனும்

இன்சூரன்ஸ் பாலிசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் என்னவோ போட்டிருக்குமே, அதைக் கடைசி வரி வரைக்கும் கேட்டு முடித்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் கோட்டைக்குப்பம் ‘கண்டிஷன்’தான். அதை எழுதியவரே படித்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம். கண்டிஷனுக்கு இங்கிலீஷ் தெரியாது. வாசித்துத் தமிழில் சொன்ன பாவி நான்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். பாலிசி பாரத்தில் எழுதியவனே நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் அவர் மனைவியே, “அது யாரு?” என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில், “எனக்கு ஒரு கண்டிஷன்” என்று ஆரம்பித்தவர், பஜ்ஜி ஆறி அவலாகும் வரை முடிக்கவில்லையாம்.

பொன்னேரியில் நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பழவேற்காட்டுப் பக்கம் புயல் என்பது தீபாவளி மாதிரி. தேதிதான் மாறும், வராமல் இருக்காது. படகுக்கு பாலிசி விற்பது சுலபம் என்று நம்பிப் போனேன். குப்பத்தில் எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்.

“கண்டிஷன் போட்டா நாங்களும் போடுறோம் சார்.”

கண்டிஷன் வலையைச் செப்பனிட்டுக்கொண்டே கேட்டார். “ரெண்டு தினுசு கீதுன்றியே, இன்னா வித்தியாசம்?”

“ஒண்ணு, படகு முழுசாப் போனாத்தான் பணம். இன்னொண்ணு, உடைஞ்சாலும் தருவாங்க. பிரீமியம் கொஞ்சம் ஜாஸ்தி.”

“முக்காவாசி போயி, கால்வாசி ஆந்திராவுல ஒதுங்குனா?”

நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

இப்படியே ஆறு வாரம். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது: ‘படகு நீரில் இருக்கும்போது மட்டும்’. கண்டிஷன் வலை ஊசியைக் கீழே வைத்தார்.

“புயல்னா நாங்க இன்னா பண்ணுவோம்? போட்டை இஸ்து கரையில ஏத்துவோம். ஏத்துனா துட்டு இல்லன்ற. அப்போ புயல்ல அதைத் தண்ணியிலயே வுடணுமா? நானும் உள்ளார குந்திக்கினு இருக்கணுமா?”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வரியை நானே அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன்.

“உங்க மேனேஜரை இட்டுக்கினு வா,” என்றார்.

மேனேஜர் இஸ்திரி கலையாத வெள்ளைப் பேண்ட்டில் வந்தார். “சும்மா முகத்துவாரம் வரைக்கும் சார்,” என்று கண்டிஷன் அவரைப் பணிவாகப் படகில் ஏற்றினார். துணைக்கு நானும். ஏரி கடலோடு சேரும் இடத்தில் படகு ஒரு தரம் ஏறி, ஒரு தரம் இறங்கியது.

“காத்தே இல்லாதப்ப இப்படி. புயல்லயும் இங்கியே நிறுத்தலாம்ன்றீங்களா சார்?”

மேனேஜர் இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “கரையில இருந்தாலும் செல்லும்னு எழுதி வாங்கித் தர்றேன். மொதல்ல கரைக்குப் போங்கய்யா!”

தலைமை அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வருவதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. இனி என்றைக்கு வேண்டுமானாலும் புயல் வரலாம். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் கம்பெனி புது பாலிசி போடாது. கடிதம் வந்த அன்றே கண்டிஷன் உடைசலுக்கும் பணம் தரும் பாலிசியில் கையெழுத்துப் போட்டார். அவர் பின்னால் குப்பமே வரிசையில் நின்றது. ஒன்பதாம் நாள் புயல் அடித்தது.

கரையேற்றிய படகுகள் ஒன்றோடொன்று மோதியதில் நான்கு பிளந்துபோயின. அந்த ஒரு வரி மாறியதால் நான்கு குடும்பங்களுக்கும் பணம் கிடைத்தது. கண்டிஷன் மட்டும் தன் படகைச் சவுக்குத் தோப்புக்குள் தள்ளி வைத்திருந்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் காலை, ஒரு மூட்டையோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார்.

“என் போட்டுக்கு ஒண்ணுமே ஆவல சார். இதுக்கு இன்னா கண்டிஷன்?” என்று ஆரம்பித்தவர், அண்ணாந்து பார்த்தார். கூரையில் பாதி ஷீட்டைக் காணோம். வானம் தெரிந்தது.

“ஊருக்கெல்லாம் எழுதுறியே, உன் வூட்டுக்கு?”

“எழுதலண்ணே.”

வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மூட்டையைப் பிரித்தார். உள்ளே தார்ப்பாயும் நைலான் கயிறும் இருந்தன.

“கூரை போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பொன்னேரியில ஷீட்டெல்லாம் பறந்துச்சுன்னாங்க. நீ வாயால பொழைக்கிற ஆளு. எங்க இறுக்கிக் கட்டியிருக்கப் போறன்னு வந்தேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். மத்தியானத்துக்குள் கட்டி முடித்து, என் மனைவி போட்ட சோற்றை ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிட்டார்.

இப்போது புது ஷீட் போட்டாயிற்று. வீட்டுக்கு பாலிசியும் எடுத்தாயிற்று. அந்த நைலான் கயிறு கொல்லையில் துணி காயப்போடும் கொடியாகிவிட்டது. அழுக்காகிவிட்டது, புதுசு வாங்கலாம் என்கிறாள் மனைவி. நான்தான் ஒவ்வொரு மாதமும் மறந்துவிடுகிறேன்.