டிரைவர் பேசாத வசனம்

“அக்காவுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டப் போறேன்யா,” என்றார் மருந்துக்கடைக்காரர். “முழுப் படம் வேண்டாம். அந்தப் பதினோரு நிமிஷம் போதும்.”

சப்டைட்டில்காரர் கையிலிருந்த காபியை மெதுவாகக் கடையின் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார்.

“எந்தப் பதினோரு நிமிஷம்?” என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

“நல்லாக் கேட்டே போ. அமைச்சரும் டிரைவரும் கார்ல போவாங்களே, அதுதான். எழுதினவனுக்கே மறந்து போச்சா?”

மறக்கவில்லை. மறந்திருந்தால் தேவலை.

இருவருக்கும் இருபது வருடப் பழக்கம். வெளிநாட்டுப் படங்களுக்குக் கீழே ஓடும் தமிழ் வரிகளை எழுதுவது சப்டைட்டில்காரருக்கு வேலை. அதை ஓர் எழுத்து விடாமல் படிப்பது மருந்துக்கடைக்காரருக்கு வாழ்க்கை. மாலையில் கடையில் கூட்டம் குறைந்ததும் பேச்சு ஆரம்பித்துவிடும். பேச்சு என்றால் அரசியல் த்ரில்லர் மட்டும்தான். காதல் படமும் பேய்ப் படமும் அந்தக் கடைப் படியே ஏறாது. இறந்துபோன ஜனாதிபதியின் கையெழுத்தை எட்டு மாதம் போட்டுக்கொண்டிருந்த குமாஸ்தாவின் படம், ஓட்டு எண்ணும் அறையிலேயே இரண்டு மணி நேரமும் ஓடும் படம் என்று ஒவ்வொன்றையும் பிரித்து மேய்வார்கள். இருமல் மருந்து வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

“துப்பாக்கி வெடிச்சா த்ரில்லர் ஆயிடாதுய்யா,” என்பார் மருந்துக்கடைக்காரர். “மேஜை மேல இருந்த ஒரு ஃபைல் காணாமப் போகுது பாரு, அப்போ நம்ம வயித்தைக் கலக்கணும்.”

இப்போது சப்டைட்டில்காரருக்குத்தான் கலக்கியது. காணாமல் போனது ஃபைல் அல்ல, மூன்று பக்கங்கள்.

அவருக்கு எந்த அயல் மொழியும் தெரியாது, ஆங்கிலத்தைத் தவிர. கம்பெனி, படத்தோடு ஆங்கிலத்தில் வசனத்தையும் அனுப்பும். அதைப் பார்த்துத் தமிழில் எழுதுவார். அந்தப் படத்துக்கு வந்த வசனத் தாள்களில் கடைசி மூன்று பக்கங்கள் இல்லை. மானேஜரிடம் போய்ச் சொன்னார். “அஞ்சு மணிக்குள்ள படம் போயாகணும். ஏதாவது பண்ணுங்க,” என்றார் மானேஜர். மானேஜர்கள் எல்லாம் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள்.

அவரும் ஏதாவது பண்ணினார். திரையில் டிரைவரின் கண் கலங்கியிருந்தது. பின்சீட்டில் அமைச்சர் குனிந்து அழுதுகொண்டிருந்தார். சரி, பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள் என்று முடிவுகட்டி, வாயசைவுக்குத் தக்கபடி நூற்று நாற்பது வரிகளைத் தன் மனசிலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். ‘கோபத்தில் பேசாமல் இருந்த நாளெல்லாம் மனசுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்’ என்று டிரைவர் சொல்லும் இடத்தில் அவரே பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த காட்சியில் கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்துவிடும்.

“சமாதானம் ஆன அடுத்த நிமிஷம் சாவு. அப்படி ஒரு விபத்து,” என்று மருந்துக்கடைக்காரர் அந்தப் படத்தைப் பதினேழு தடவை பார்த்து, பதினேழு தடவையும் அழுதார். 

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் மருந்துக்கடைக்காரர் லேபிள் மனிதர். பாட்டில் மேல் ஒட்டியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு கொள்கை அவருக்குக் கிடையாது. லேபிள் கோணலாக ஒட்டிய கம்பெனியோடு நான்கு வருடம் கடிதப் போர் நடத்தியவர்.

“அக்காகூடத்தான் உனக்குப் பேச்சே கிடையாதே,” என்றார் சப்டைட்டில்காரர்.

“பதினோரு வருஷமா,” என்றார் மருந்துக்கடைக்காரர். “என் வீட்டுக்காரி படுத்திருந்தப்போ, டாக்டரை மாத்துன்னு அக்கா லெட்டர் போட்டா. மருந்து விஷயத்துல எனக்கே புத்தி சொல்ல வந்துட்டியான்னு பதில் எழுதினேன். கடைசியில அவ சொன்னதுதான் சரியாப் போச்சு. சாவுக்கு வந்தா, அழுதா, சாயங்காலம் கிளம்பிட்டா. கேட் வரைக்கும் பின்னாடியே போய்க் கூப்பிட்டேன்யா. திரும்பிக்கூடப் பார்க்கலை. தம்பியே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா.”

கொஞ்ச நேரம் மாத்திரைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவளுக்கும் எழுபது ஆகப் போகுது. எனக்கு அவளை விட்டா யார் இருக்கா? மன்னிப்புக் கேக்கணும். என் வாயால வராது. அந்த டிரைவரே எனக்காகச் சொல்லட்டும். இன்னொரு வசதி பாரு, அக்கா அந்த நாட்டுலதான் இருபது வருஷம் நர்ஸா இருந்தா. அந்த பாஷை அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. உன் எழுத்துகூட வேண்டாம், டிரைவர் குரலை நேராவே கேட்டுப்பா!”

சப்டைட்டில்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அந்த நாட்டில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்த தையல் மெஷின் ரிப்பேர்காரரைத் தேடிப்போய், போனில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார்.

“டிரைவர் மன்னிப்புத்தானே சார் கேக்கறான்?”

ரிப்பேர்காரர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார். “மன்னிப்பா? ‘என் தம்பியைக் காட்டிக் கொடுத்தவன் நீ. செத்தாலும் உன்னை மன்னிக்க மாட்டேன்’ங்கறான்.”

“அமைச்சர் அழறாரே?”

“அழாம என்ன பண்ணுவார்? ‘பிரேக்கை அறுத்து வெச்சிருக்கேன், பாலம் வரட்டும்’னு சொன்னா யாரா இருந்தாலும் அழத்தான் செய்வாங்க.”

பதினோரு வருடம் கழித்து ஒரு தம்பி அக்கா வீட்டுக்குப் போய், ‘எனக்காக இவன் பேசுவான்’ என்று உட்காரவைத்து, செத்தாலும் மன்னிக்க மாட்டேன் என்று கேட்கவைக்கப் போகிறான். அதற்குக் கீழே சப்டைட்டில்காரரின் கைங்கரியம் வேறு ஓடும். அவருக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

மாலையில் கடைக்குப் போய், “படமெல்லாம் எதுக்குய்யா? மனசுல இருக்கறதை ஒரு லெட்டரா எழுதிப் போடேன்,” என்றார்.

“நல்ல யோசனை,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

எழுதியும் போட்டார். என்ன எழுதினார்? டிரைவரின் வசனத்தை அப்படியே வரிக்கு வரி எழுதி, எந்தப் படம், எந்தக் காட்சி என்றும் விவரமாகக் குறிப்பிட்டிருந்தார். நான்கே நாளில் அக்கா மகளிடமிருந்து பதில் வந்தது. ‘அம்மா உங்கள் லெட்டரை வைத்துக்கொண்டு ராத்திரி பகலாய்ப் படிக்கிறார்கள். அந்தப் படத்தை உங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.’

“உன் யோசனைதான்யா வேலை செஞ்சுது!” என்று மருந்துக்கடைக்காரர் கடைக்குள்ளிருந்து வெளியே வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். மனிதர் கட்டிப் பிடிக்கிற ஆளே இல்லை.

சப்டைட்டில்காரர் அடுத்த வழியை யோசித்தார். அந்தப் படத்தின் டிஸ்க்கை ஒரு தடவை சரிபார்த்துத் தருகிறேன் என்று வாங்கிப்போனார். ஆபீஸில் உட்கார்ந்து, அந்தப் பதினோரு நிமிடத்துக்கு மட்டும் சத்தத்தை எடுத்துவிட்டுப் புது டிஸ்க் போட்டுக் கொடுத்தார். சத்தம் இல்லையென்றால் அக்காவும் கீழே ஓடுவதைப் படித்துத்தானே ஆக வேண்டும்? இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று நிம்மதியாகத் தூங்கினார்.

காலை எட்டு மணிக்குப் போன்.

“சத்தம் வரலைய்யா! முக்கியமான இடத்துல ஊமையா ஓடுது. உங்க கம்பெனி இவ்வளவு மோசமா? விடமாட்டேன். மானேஜருக்கு எழுதப் போறேன். அந்தக் காட்சியோட வசனம் மொத்தத்தையும் ஒட்டி, எதெது கேக்கலைன்னு வரிவரியாக் காட்டி எழுதறேன்.”

“ஐயோ, வேண்டாம்!” என்று அலறினார் சப்டைட்டில்காரர். “நல்ல டிஸ்க் நானே கொண்டுவந்து தரேன்.”

“கொண்டுவா. அப்படியே ஞாயித்துக்கிழமை நீயும் என்கூட வா. அங்கே போய் ஏதாவது கோளாறுன்னா சரிபண்ண ஆள் வேணாமா?”

ஆக, இல்லாத வம்பை இழுத்து, ஊமையாக இருந்த டிரைவருக்கு மறுபடி வாயையும் கொடுத்து, கூடவே போய் உட்காரும் வேலையையும் தேடிக்கொண்டார்.

இரண்டு மணி நேர ரயில் பயணம். மருந்துக்கடைக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். வழியெல்லாம் ஒரு படத்தைப் பற்றியும் பேசவில்லை. இருபது வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

“அக்கா உள்ளே விடுவாளா?” என்று மட்டும் ஒருதரம் கேட்டார்.

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று சப்டைட்டில்காரரின் மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிடுவார். சொல்லாவிட்டால் அக்கா வீட்டில் மானம் போகும். நண்பரின் மடியில் இருந்த டிஸ்க்கையும் அதைப் பிடித்திருந்த விரல்களையும் பார்த்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதவைத் திறந்தது அக்கா மகள். பின்னால் அக்கா நின்றிருந்தார். மெலிந்து, முழுக்க நரைத்துப் போயிருந்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

“வந்துட்டியா?” என்றார். அவ்வளவுதான். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சோபாவில் உட்காரவைத்தார்.

மருந்துக்கடைக்காரர் டிஸ்க்கை எடுத்து நீட்டினார். அக்கா அதை வாங்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, டிவிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மகள் டிஸ்க்கைப் போட்டுவிட்டு டீ போடச் சமையலறைக்குப் போனாள்.

கார் கிளம்பியது. டிரைவர் வாயைத் திறந்தான்.

சப்டைட்டில்காரர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். மருந்துக்கடைக்காரர் அதைப் பிடுங்கிக் கூட்டினார். இவர் பிடுங்கிக் குறைத்தார். அவர் முறைத்துவிட்டு மறுபடி கூட்டினார்.

“என்னய்யா பண்றே? அக்கா கேக்கட்டும்!”

டிரைவரின் குரல் வீடு முழுக்க முழங்கியது. செத்தாலும் மன்னிக்க மாட்டேன் என்கிற இடம் நெருங்கிவிட்டது. சப்டைட்டில்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. விருட்டென்று எழுந்துவிட்டார்.

“அக்கா, அவன் சொல்றதை நம்பாதீங்க! கீழே படிங்க! இல்லை, கீழே இருக்கறதும் பொய்! மூணு பக்கம் தொலைஞ்சு போச்சுக்கா, நானே எழுதினேன். டிரைவர் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கலை. பிரேக்கை அறுத்தவனே அவன்தான்!”

டிவியில் கார் போய்க்கொண்டே இருந்தது. மருந்துக்கடைக்காரர் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

“பிரேக்கை... அறுத்தானா?”

“ஆமாய்யா.”

“விபத்து இல்லையா?”

“இல்லை.”

“பதினேழு தடவை அழுதேனேய்யா,” என்றார் மருந்துக்கடைக்காரர். “அந்த வரியை என் கையால எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். பொய்யை அனுப்பியிருக்கேன். அவ இப்போ உண்மையைக் காதால கேட்டுட்டா.”

“தப்புத்தான். என்னை என்ன வேணா சொல்லு. ஆனா அந்த வரியை எழுதறப்போ உன்னைத்தான்யா நினைச்சுக்கிட்டு எழுதினேன்.”

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

“அக்கா,” என்றார். “படத்தை விடு. நானே கேக்கறேன். நான் எழுதின லெட்டர் தப்பு. நான் பண்ணினது எல்லாமே தப்பு. என்னை மன்னிச்சுடுக்கா.”

பதினோரு வருடமாக வராத வார்த்தை வந்துவிட்டது. அக்கா அசையவில்லை. கண் டிவியிலேயே இருந்தது.

“அக்கா!”

தலைகூடத் திரும்பவில்லை.

“பார்த்தியா? அன்னைக்கு கேட்லயும் இப்படித்தான்,” என்று நண்பரிடம் சொன்னார் மருந்துக்கடைக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார். சப்டைட்டில்காரர் தலையைக் குனிந்தபடி அவர் பின்னாலேயே நடந்தார்.

டீயோடு வெளியே வந்த அக்கா மகள் இருவரையும் பார்த்துத் திகைத்து நின்றாள்.

“அம்மாவுக்குக் காது சுத்தமாப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சே மாமா, உங்ககிட்ட சொல்லவே விடலை! கீழே ஓடற எழுத்தைப் படிச்சுப் படிச்சு அவங்க அங்கே அழுதுகிட்டு இருக்காங்க, நீங்க என்னடான்னா பின்னாடி நின்னு கூப்பிட்டுட்டுக் கிளம்பறீங்களே!”